அழுத்தினா அணையணும்

இல்லங்க தம்பி, புது விளக்கு வேண்டாம். அந்த அலமாரியில வரிசையா வெச்சிருக்கீங்களே, சார்ஜ் போட்டா விடிய விடிய எரியுற விளக்கு, அதெல்லாம் உள்ள வர்றப்பவே பாத்துட்டேன். நல்லாத்தான் இருக்கு. எனக்கு இதுதான் எரியணும். இதே கழுத்து, இதே தொப்பி, கரண்டு மட்டும் பேட்டரியில இருந்து வரணும். வீட்டுக் கரண்டு இதுக்குள்ள ஒரு சொட்டு கூடப் போகக் கூடாது.

பழசுதான், யாரு இல்லேன்னா. தையல் மிஷினுக்குப் பக்கத்துல வைக்கிற விளக்கு, வளைச்ச பக்கம் நிக்கும். தொப்பி மேல கறுப்பா ஒரு தழும்பு இருக்கு பாருங்க, துணி பட்டுக் கருகினது. என் வீட்டுக்காரி இதுக்கு அடியில உக்காந்துதான் தெருவுக்கே சட்டை தெச்சா. முந்தின தெருவுல ஒரு கடைக்காரர்கிட்ட நீட்டினேன், அவர் தலையையே நிமிர்த்தல. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்கன்னாரு. அதுக்கு அடுத்த கடையில அடுத்த வாரம் வாங்கன்னாங்க. நாளைக்குக் காலையில வண்டி வந்துடும் தம்பி. அடுத்த வாரம் இந்த விளக்கை வெச்சுக்கிட்டு நான் யாரைக் கேக்குறது, எதைக் கேக்குறது?

வண்டியா? சொல்றேன். நீங்க முதல்ல அதைத் திறங்க. உங்க கை ஓடட்டும், என் வாய் ஓடட்டும்.

ஐயோ, அதைக் கழட்டிடாதீங்க! ஒயர் முனையில தொங்குதே, அது சுவிட்சு. ஃபிரிட்ஜ் கதவு ஓரத்துல சின்னதா ஒரு பொத்தான் இருக்குமே, கதவை மூடினா அமுங்கி உள்ள லைட்ட அணைக்குமே, அதுதான். எங்க லிஃப்டுக்கு வர்ற மெக்கானிக் மாட்டிக் குடுத்தாரு. அழுத்தினா அணையணும், விட்டா எரியணும். அதே மாதிரி இன்னொண்ணும் போடணும் தம்பி. ஆமா, ரெண்டு சுவிட்ச். ரெண்டுல எதை அழுத்தினாலும் அணையணும். ஏன்னா… ஒண்ணு கெட்டுப்போனா இன்னொண்ணு கைவசம் இருக்கட்டுமேன்னுதான். உங்ககிட்ட பழைய ஃபிரிட்ஜ் ஒண்ணு வாசல்ல கெடக்குதே, அதுல இருந்து எடுத்துக்கலாம்ல? அப்பாடா.

நான் லிஃப்ட் ஓட்டுறவன். அந்தப் பெரிய ஆபீஸ் கட்டடத்துல. ஓட்டுறதுன்னா என்ன, பொத்தான் அழுத்துறதுதான். மாடி நம்பரை அவங்க சொல்வாங்க, நான் அழுத்துவேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேச மாட்டேன். எனக்கு அங்க பேரே ஊமைக்கோட்டான்தான். எதுக்காச்சும் திட்டு வாங்கினேன்னா அது ஒண்ணுக்குத்தான்: கதவை மூடுறதுக்கு முன்னால நிறுத்தி வெச்சுப் பாப்பேன். யாராவது ஓடி வந்துட்டு இருப்பாங்களோன்னு. உள்ள நிக்கிறவங்க கடிகாரத்தைப் பாப்பாங்க, உச்சுக் கொட்டுவாங்க. ஆனா பாதி நாள் யாரோ ஒருத்தர் மூச்சு வாங்க ஓடி வந்துதான் இருப்பாங்க.

வெளியில நான் ஊமைன்னா வீட்டுல கேக்கவே வேணாம். எல்லாத்துக்கும் அவதான் பேசுவா. கடைக்காரன்கிட்ட, வீட்டுக்காரர்கிட்ட, பையன் ஸ்கூல்ல, எனக்கு வயித்து வலின்னு டாக்டர்கிட்ட போனா அங்கயும். எங்கங்க வலிக்குதுன்னு டாக்டர் என்னைக் கேப்பாரு, இவ தன் வயித்தைத் தொட்டுக் காட்டுவா. அவர் குழம்பிப்போயி, யாருக்கும்மா வலின்னு கேட்டாரு ஒரு தடவை. வலி அவருக்கு, வாய் எனக்குன்னா.

அந்த வாய் போயிடுச்சு. மிஷின்ல உக்காந்திருந்தவ அப்படியே சாஞ்சுட்டா. இந்த விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருந்தது, ஊசி பாதித் துணியில நின்னிருந்தது. ஸ்ட்ரோக். ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து கட்டில்தான். நானும் லீவு போட்டுட்டு வீட்டோடதான் இருக்கேன். கண்ணு திறந்திருக்கும். ஆனா என்னைப் பாக்குறாளா, என்னைத் தாண்டிப் பாக்குறாளான்னு தெரியாது. டியூப்ல சாப்பாடு. டாக்டர்கிட்ட, அவளுக்கு நாம பேசுறது புரியுமான்னு கேட்டேன். சொல்ல முடியாதுன்னாரு. சொல்ல முடியாதுன்னா புரியாதுன்னு அர்த்தமா, இல்ல அவருக்குத் தெரியாதுன்னு அர்த்தமா? அதைக் கேக்கலாம்னு வாயத் திறக்குறதுக்குள்ள அவர் அடுத்த பெட்டுக்குப் போயிட்டாரு. அவ இருந்தா விட்டிருக்க மாட்டா.

சரி, என்ன ஒண்ணு… வலது கையில ஆள்காட்டி விரல் மட்டும் எப்பவாச்சும் லேசா துடிக்கும். கத்திரிக்கோல் புடிச்ச விரல். அதைப் பாத்துதான் எனக்குத் தோணிச்சு. இந்த விளக்கைத் தலைமாட்டுல வெச்சு, சுவிட்சை அவ விரலுக்கு அடியில வெச்சுக் கட்டிட்டேன். ஒரு தடவை அணைஞ்சா ஆமா, ரெண்டு தடவை அணைஞ்சா இல்ல. அழுத்தினா எரியுற மாதிரி வெச்சுக்கலாமேன்னு மெக்கானிக் சொன்னாரு. வேணாம்னுட்டேன். அப்ப மீதி நேரமெல்லாம் அவ இருட்டுல கெடக்கணுமே.

எத்தனையோ நாள் கேட்டுக் கேட்டுப் பாத்தேன். ஃபேன் போடவா? வலிக்குதா? என்னைத் தெரியுதா? விளக்கு அது பாட்டுக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். ஒரு நாள் ஜன்னலைச் சாத்தப் போனேன். எதுக்கோ திரும்பி, சாத்தட்டுமா கண்ணுன்னேன். டபக்னு ஒரு தடவை அணைஞ்சு எரிஞ்சுது தம்பி. நான் ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன். அப்புறம் ஜன்னலைச் சாத்திட்டு வாசலுக்கு ஓடினேன். யார்கிட்டயாவது சொல்லணும். தெருவுல ஒரு ஆள் சைக்கிள்ல போறான், முன்னப்பின்ன தெரியாது. என் பொண்டாட்டி ஜன்னலைச் சாத்தச் சொல்றாங்கன்னு அவன்கிட்ட சொன்னேன். அவன் ஏற இறங்கப் பாத்துட்டு, சாத்த வேண்டியதுதானேன்னுட்டுப் போயிட்டான்.

சிரிங்க, பரவாயில்ல. நானும் அன்னைக்குச் சிரிச்சேன்.

அதுக்கப்புறம் பேச ஆரம்பிச்சோம். நான் நாளெல்லாம் பேசினேன். முப்பது வருஷமா பேசாதது எல்லாம் சேத்து வெச்சுப் பேசினேன். எல்லாத்துக்கும் பதில் வராது. வர்றப்ப வரும். மிஷின் டிராயர் சாவியைக் காணோம்னு தேடிட்டு இருந்தேன். கட்டிலுக்கு அடியிலயான்னேன், ஒண்ணுமில்ல. மாவு டப்பாவுலயா? ஒண்ணுமில்ல. பெட்டியிலயா? ஒண்ணுமில்ல. கண்ணாடிக்குப் பின்னாடியான்னேன். அணைஞ்சுது. போய்ப் பாக்குறேன், ஆணியில தொங்குது!

இதைச் சொன்னா என் பையன் என்ன சொல்றான் தெரியுமா? நாலஞ்சு இடம் கேட்டா ஒண்ணுக்காவது மினுக்கத்தானப்பா செய்யும்ங்கிறான். அவன் ரத்தம் சோதிக்கிற லேப்ல வேலை பாக்குறவன், வேற ஊர்ல. எதையும் பூதக்கண்ணாடியில வெச்சுப் பாக்காம நம்ப மாட்டான். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சொல்லிடாதீங்க. அவன் மனசு கல்லு இல்ல. அவங்கம்மாவைத் தூக்கிப் படுக்க வைக்கிறப்ப நான் கால் வழுக்கி விழுந்துட்டேன். அந்தச் சேதி கேட்டுத்தான் லீவு போட்டுட்டு பொண்டாட்டியோட ஓடி வந்தான். வந்தவன் என் முதுகுல காயத்தைப் பாத்துட்டு சமையல்கட்டுல போயி அழுதான். நான் பாக்கலைன்னு நெனச்சுக்கிட்டான்.

இப்பிடி எழுந்திருக்காம கெடக்குறவங்களைப் பாத்துக்குற இடம் ஒண்ணு, அவன் ஊருக்கும் அந்தப் பக்கம். அங்க அவளைச் சேக்க ஏற்பாடு பண்ணிட்டான். போய்ப் பாத்தேன். குறையே சொல்ல முடியாது தம்பி, தரையில முகம் பாக்கலாம். வேளாவேளைக்குத் திருப்பிப் படுக்க வைக்கிறாங்க, புண்ணு வராது. கட்டில் கட்டிலா வரிசையா இருக்காங்க. எல்லாரும் சுத்தமா இருக்காங்க. ஆனா அங்க ஒருத்தரும் அவங்ககிட்ட எதையும் கேக்கல. திருப்புறாங்க, துடைக்கிறாங்க, போயிடுறாங்க. கேக்குறதுக்கு ஆள் இல்லேன்னா பதில் எங்க இருந்து வரும்? நான் வாரத்துல ஒரு நாள் வந்து பாக்கலாமாம். மீதி நாள் அவ யாருக்கு ஆமா சொல்லுவா?

அதான் வண்டி. நாளைக்குக் காலையில.

நான் மாட்டேன்னேன். அம்மாவுக்குப் புத்தி இருக்குடா, பதில் சொல்றாடான்னேன். அவன் ஒரு மத்தியானம் பூரா கட்டில்கிட்ட உக்காந்தான். விளக்கைப் பாத்துக்கிட்டே இருந்தான். ஒரு தடவை அணைஞ்சுது, பாத்தியான்னேன். அவன் எழுந்து வெளியில போயி, பக்கத்து வீட்டுல தண்ணி மோட்டாரை நிறுத்தி நிறுத்திப் போடச் சொன்னான். போட்டப்பெல்லாம் இது மினுக்குச்சு தம்பி. எல்லா தடவையும் இல்ல. ஆனா மினுக்குச்சு. பழைய வீடு, பழைய ஒயரிங். வோல்டேஜ்ப்பா, அம்மா இல்லப்பான்னான். கத்தி எல்லாம் சொல்லல. என் தோள் மேல கையப் போட்டுக்கிட்டுத்தான் சொன்னான். அதான் தாங்கல.

நானே ஒரு பேச்சுக்கு, பேட்டரியில போட்டா மோட்டார் என்ன பண்ணும்னு கேட்டேன். யோசிச்சான். சரிப்பா, பேட்டரியில போட்டுக் காட்டு. ஒரே ஒரு கேள்வி நான் கேக்குறேன், ஒழுங்கா ஒரு பதில் வரட்டும், வண்டியைத் திருப்பி அனுப்பிடுறேன், நானே இங்க வேலை தேடிக்கிட்டு வந்துடுறேன்னான். சொன்னா செய்வான். வாக்குல அவங்கம்மாவைக் கொண்டு பொறந்தவன்.

இப்ப புரியுதா, ஏன் ஒரு சொட்டு கரண்டு கூட ஆகாதுன்னு?

என்ன பல்பு அது, வெள்ளையா எரியுமா? மஞ்சளா இல்லையா? பைக்குக்குப் போடுறதா? அதுவே போடுங்க. மஞ்சள்தான் அவளுக்குப் பழக்கம்.

இல்ல தம்பி, நீங்க என்ன கேக்க வர்றீங்கன்னு தெரியுது. எனக்கு நம்பிக்கை இருக்கான்னுதான? காலையில எழுந்தா இருக்கு. அவ முகம் துடைக்கிறப்ப இருக்கு. அப்புறம் ஷேவ் பண்ணக் கண்ணாடி முன்னாடி நின்னா போயிடுது. அந்தச் சாவி இருக்கே, அது அங்க தொங்குறதை நானே எப்பவோ பாத்திருப்பேன். தினம் அந்தக் கண்ணாடியிலதான மூஞ்சியப் பாக்குறேன். அது மனசுக்குள்ள எங்கயோ கெடந்து, அதனாலதான் அந்த இடத்தைக் கேட்டேனோ? அந்த நேரம் பாத்து மோட்டார் ஓடிச்சோ? ஒரு தடவை, நான் உனக்கு நல்ல புருஷனா இருந்தேனான்னு கேட்டுட்டேன். ஆசை யாரை விட்டுச்சு. விளக்கு மினுக்க ஆரம்பிச்சது பாருங்க, ஆமா இல்ல ஆமா இல்ல ஆமா இல்லன்னு நிக்கவே இல்ல. அன்னைக்கு நான் நெனச்சேன், பாவம், முப்பது வருஷத்தையும் ஒவ்வொண்ணா எடுத்து யோசிச்சுச் சொல்றா போலன்னு. இப்பத் தோணுது, பக்கத்து வீட்டுல அன்னைக்கு யாரோ துணி துவைச்சிருப்பாங்க.

அப்ப இத்தனை நாளா நான் பேசிக்கிட்டு இருந்தது யார்கிட்ட? ஒரு மோட்டார்கிட்டயா? அதை நெனச்சா சிரிப்பு வரும். அப்புறம் வேற எதுவோ வரும். விடுங்க.

எரியுதா? போட்டுட்டீங்களா?

…நல்லா எரியுது. ஆடலையே. ஒரு துளி கூட ஆடல.

இருங்க, அணைக்காதீங்க. பாத்துக்கறேன். இந்த விளக்கு இப்பிடி அசையாம எரிஞ்சு நான் பாத்ததே இல்ல தம்பி. வீட்டுல எப்பவும் மூச்சு விடுற மாதிரி லேசா ஏறி இறங்கிக்கிட்டுத்தான் இருக்கும். இது… இது கடையில இருக்குற விளக்கு மாதிரி இருக்கு. இல்ல இல்ல, உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. கேட்டது இதானே. கேட்டதைத்தான் குடுத்திருக்கீங்க.

சுவிட்சை அழுத்திப் பாக்குறேன். ம். அணையுது. விட்டா எரியுது. ஆனா பொத்தான் கொஞ்சம் முரடா இருக்கே. நம்ம விரலுக்கு ஒண்ணும் தெரியாது. அவ விரல்ல இருக்குறது ஈ உக்காந்த கனம்தான். உள்ள ஸ்பிரிங் இருக்கும்ல, அதை இளக்க முடியுமா? வெட்டலாமா? வெட்டுங்க வெட்டுங்க. எவ்வளவு முடியுமோ அவ்வளவு. தொட்டா போதும், நெனச்சா போதும்ங்கிற அளவுக்கு இளக்கிக் குடுங்க. ஆங்… அப்பிடி. இன்னும் கொஞ்சம். இது போதும், இதுக்கு மேல இளகினா காத்து பட்டாலே அணைஞ்சுடும், அப்புறம் என் பையன் காத்துன்னுடுவான்.

அந்த ரெண்டாவது சுவிட்சா? அதை இளக்க வேண்டாம். முரடாவே இருக்கட்டும், பரவாயில்ல. ஆனா டிக்குனு சத்தம் வரக் கூடாது. வருதா? உள்ள பஞ்சோ ரப்பரோ வெச்சு அடக்க முடியாதா? அப்புறம், அதுக்கு ஒயர் நீளமா வேணும். எவ்வளவுன்னா… கட்டில் தலைமாட்டுல இருந்து இறங்கி, கட்டிலுக்கு அடியிலயே போயி, இந்தப் பக்கம் வெளியில வரணும்.

எங்க வைக்கப் போறேனா?

நாற்காலிக்குக் கீழ. என் நாற்காலிதான். கால் பக்கம்.

ஏன் நிறுத்திட்டீங்க தம்பி? போடுங்க. ஸ்குரூவை முடுக்குங்க, வேலையைப் பாருங்க. என்னைப் பாக்காதீங்க.

ஏமாத்துறதுதான். வேற பேர் அதுக்கு எனக்கும் தெரியாது. ஒரு பொய் சொல்லி அவன்கிட்ட நான் அடி வாங்கினதில்ல, அவன்தான் என்கிட்ட வாங்கியிருக்கான். இப்ப இந்த வயசுல கால் விரலால அவனுக்குப் பொய் சொல்லப் போறேன். அவன் அம்மான்னு கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேப்பான். நீ இங்கயே இருக்கணுமான்னு கேப்பான், எனக்குத் தெரியும், அவன் வேற எதைக் கேப்பான்? அந்த நேரத்துல நான் தரையைப் பாத்துக்கிட்டு… பொத்தான் அழுத்துறது ஒண்ணுதான் தம்பி எனக்குத் தெரிஞ்ச தொழில். எனக்கு வயித்து வலின்னா அவதான் சொல்லுவா. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு வார்த்தை, அவளுக்காக நான் சொல்லக் கூடாதா?

அவளுக்கு அது வேணுமா வேணாமான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்னு நீங்க கேக்கல. கேக்காம இருக்குறதுக்கு நன்றி. அதை நானே கேட்டுக்கிட்டுத்தான் உங்க கடைக்கு நடந்து வந்தேன். ஒருவேளை அவளுக்கு என் மூஞ்சி சலிச்சுப் போயிருக்கும். அந்தச் சுத்தமான இடத்துல போயி நிம்மதியாக் கண்ண மூடணும்னு இருக்கும். அதை அவ ரெண்டு தடவை அணைச்சுச் சொன்னா, நான் வண்டி வரைக்கும் அவளைத் தூக்கிட்டுப் போறேன், யாரும் கை குடுக்க வேணாம். சொல்லட்டும். அதுக்குத்தானே உங்களை ஸ்பிரிங்கை வெட்டச் சொன்னேன்? ஏமாத்துறது மட்டும்தான் எண்ணம்னா எனக்கு அவ சுவிட்ச் எதுக்கு, சொல்லுங்க?

கேட்ட உடனே அழுத்திட மாட்டேன். லிஃப்ட்ல சொன்னேன் பாருங்க, அது மாதிரி. அவன் கேட்டு முடிச்சதும் நிறுத்தி வெச்சுப் பாப்பேன். அவன் உச்சுக் கொட்டட்டும், மருமக கடிகாரத்தைப் பாக்கட்டும், வெளியில வண்டிக்காரன் ஹாரன் அடிக்கட்டும். எவ்வளவு தாங்க முடியுமோ அவ்வளவு நேரம் பாப்பேன். எங்க இருந்தோ ஓடி வந்துட்டு இருப்பாளோ என்னமோ. அவ வந்துட்டாள்னா நான் காலை எடுத்துடுவேன். வரலேன்னா… கதவை மூடித்தானே ஆகணும்.

அந்தக் கறுப்பு ஒயர் வேண்டாம் தம்பி, பளிச்சுனு தெரியும். சிவப்பு இருக்கா? எங்க வீட்டுத் தரை சிவப்பு.